ஒரே கணினி, இரண்டு மனு: ஆள் மாறாமல் இருக்க

கல்லூரிச் சேர்க்கை நேரம். வெள்ளிமலையிலோ கள்ளக்குறிச்சியிலோ, அண்ணனுக்கும் தங்கைக்கும் சாதிச் சான்று, வருமானச் சான்று கேட்டு ஒரே கணினியில் இ-சேவை தளத்தை இரண்டு டேப்பில் திறக்கிறீர்கள். அண்ணன் விவரம் தங்கை கணக்கில் ஏறிவிடலாம். தவிர்க்க:

1. ஒருவர் மனுவை முடித்து, லாக்-அவுட் செய்த பிறகே அடுத்தவர் கணக்கைத் திறங்கள். ஒரே பிரவுசரின் டேப்புகளுக்கு குக்கி பொது. கடைசியாக நுழைந்தவர் கணக்கே எல்லாவற்றிலும் செல்லும்.

2. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமா? ஒன்றை குரோமிலும் மற்றதை ஃபயர்பாக்ஸிலும் திறங்கள். ஒன்றின் குக்கியை மற்றது எடுக்காது.

3. குரோமில் இரண்டு இன்காக்னிட்டோ விண்டோ திறந்து ஏமாறாதீர்கள். அவை தமக்குள் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்ளும். சாதாரண விண்டோ ஒன்று, இன்காக்னிட்டோ ஒன்று என்றால் சிக்கலில்லை.

4. படிவம் நிரப்பும் முன் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து, பெயரையும் கேன் (CAN) எனும் குடிமக்கள் அணுகல் எண்ணையும் சரிபாருங்கள். பழைய டேப்பில் பழைய பெயரே நிற்கக்கூடும்.

5. ஆவணங்களை முன்பே ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு ஃபோல்டரில் வையுங்கள். நடுவில் அவற்றைத் தேடிக்கொண்டு வெகுநேரம் சும்மா விட்டால் தளம் தானே வெளியேற்றிவிடும். மலையில் சிக்னல் போனால் இன்னும் தாமதம்.

6. மனு எண்ணைப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். நிலையைப் பின்னர் பார்க்க அதுவே தேவை.

7. கிளம்பும்போது கட்டாயம் லாக்-அவுட் செய்யுங்கள். டேப்பை மட்டும் மூடினால், அடுத்து உட்காருபவருக்கு உங்கள் கணக்கு திறந்தே கிடக்கலாம்.