புதுக்கோழியை 21 நாள் தனியே வையுங்க



உள்கடன் கேட்டு வரும் மனுக்களில் நாட்டுக்கோழி வளர்ப்புக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஆடு, மாடு போல பெரிய முதல் வேண்டாம். முட்டை வித்த காசும் நம்ம கையிலேயே நிற்கும். ஆனால் ஒரே வாரத்தில் மொத்தக் கோழியும் செத்துப் போனால் தவணை எப்படிக் கட்டுவது? அந்தச் சாவு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற ஒரு கோழியோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 5 பெட்டை, 1 சேவல் போதும். 10, 12 முட்டை வைத்து அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிந்து கூட்டம் தானாகப் பெருகும். முதல் தடவையே 50 குஞ்சு வாங்கி இறக்குவது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் பல்பு சூடு வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் கணக்கில், 20 குஞ்சுக்கு 40 வாட் குண்டு பல்பு. இப்போது வருகிற எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது.

நம்ம கடலோர மணலில் கீரி, பெருச்சாளி எல்லாம் சுலபமாக வளை தோண்டி உள்ளே வந்துவிடும். கூண்டுக்கு 2 அடி உயரத்தில் கால் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரமானாலும் கோழி நனையாது. மாமல்லபுரம், கோவளம் பக்கம் கருவாட்டுக் கழிவை அப்படியே கொட்டுகிற பழக்கம் இருக்கிறது. உப்பு அதிகமானால் கோழி செத்துப்போகும், முட்டையும் கவுச்சி அடிக்கும். அதைவிடக் கறையான் நல்ல தீனி. பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கறையான் புற்று ஓரமாகக் கவிழ்த்து வையுங்கள். காலையில் குஞ்சுகளுக்கு விருந்து.

இனி நோய்க்கு வருவோம். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்வதை டாக்டர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். ராணிக்கெட் என்பது இன்றைய உத்தரகாண்டில் உள்ள ஒரு மலை ஊர். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்து திருகிக் கொள்ளும். வந்த பிறகு மருந்து கிடையாது, வரும் முன் தடுப்பு மருந்து மட்டும்தான். குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு. 8 வாரம் ஆனதும் இறக்கையின் அடியில் ஊசி.

இங்கேதான் குழுவின் பலம். ஒரு குப்பி மருந்து 100 கோழிக்கு வரும். கரைத்தால் 2 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். 6 கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மீதி வீண். பத்து வீடு சேர்ந்து ஒரே காலையில் போட்டால் செலவும் குறைவு, தெருவுக்கே பாதுகாப்பு. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டு வரணும், மடியில் முடிந்துகொண்டு வந்தால் வெறும் தண்ணீர்தான். கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

சந்தையில் கோழி மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஊரில் நோய் கண்டதும் "சாவதற்குள் வித்துடலாம்" என்று கொண்டு வருபவர் உண்டு. நோய் உள்ளே புகுந்து வெளியே தெரிய 2 முதல் 15 நாள் ஆகலாம், அதுவரை கோழி துருதுருவென்றுதான் இருக்கும். அதனால்தான் 21 நாள். தாய் வீட்டிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கோழியானாலும், சந்தையில் விலை படியாமல் திரும்பி வந்த நம்ம கோழியே ஆனாலும் இதே கணக்குதான்.

வீட்டின் இன்னொரு பக்கம், காற்று நேராக அடிக்காத இடத்தில் தனிக்கூண்டு, தனித் தண்ணீர்ச் சட்டி வையுங்கள். முதலில் பழைய கோழிக்குத் தீனி, கடைசியில் புதுக்கோழிக்கு. பிறகு கை, கால், செருப்பு கழுவ வேண்டும். தடுப்பு மருந்து போட்ட விவரம் தெரியாத கோழிக்கு, நன்றாக இருந்தால், இந்த நாட்களிலேயே போட்டுவிடலாம். மருந்து பிடிக்க சுமார் 2 வாரம் ஆகும்.

21 நாள் கழித்தும் திடுதிப்பென்று சேர்க்கக் கூடாது. கோழிக்குள்ளும் மாமியார், மருமகள் உண்டு, பழையது புதுசைக் கொத்தும். நாலைந்து நாள் வலைக்கு இந்தப்புறம் அந்தப்புறமாக வைத்து முகம் பழகட்டும். பிறகு இருட்டிய பின் அடையும் இடத்தில் ஏற்றி விடுங்கள். ஒற்றைக் கோழியாக விடாமல் இரண்டு மூன்றாக விட்டால் அடி குறையும். தீனித்தட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். ரத்தம் வருகிற அளவு கொத்தினால் மறுபடி பிரித்துவிட வேண்டும்.

செத்த கோழியை ஏரியிலோ குப்பையிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் செத்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பயிற்சி வேண்டுவோர் நம் மாவட்டத்துக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன், எந்த வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்று பதிவேட்டில் எழுதி வையுங்கள். எத்தனை குப்பி வாங்குவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.