ஆண்களின் கருவளமும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்

திருமணமாகிச் சில ஆண்டுகள் கடந்தும் குழந்தைப் பேறு வாய்க்காவிடில் மனைவியையே குறை கூறுவது நம் சமுதாயத்தில் ஊறிப்போன வழக்கம். மருத்துவப் பரிசோதனையும் அவளிடமிருந்தே தொடங்குகிறது. ஆனால், குழந்தையற்ற தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் குறைபாடு தனியாகவோ, பெண்ணின் குறைபாட்டுடன் சேர்ந்தோ காணப்படுகிறது. உலகில் வயது வந்தோரில் ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் கருவளக் குறைவைச் சந்திப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. எனவே இது ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகும்.

ஆக்சிஜனின் இரு முகங்கள்

உயிரணுக்கள் ஆற்றல் பெற ஆக்சிஜன் இன்றியமையாதது. அதைப் பயன்படுத்தும்போது சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு பொருள்கள் உண்டாகின்றன. சிறிதளவில் இவை தேவையானவையே. விந்தணு கருவுறச் செய்யும் திறனைப் பெற இவை துணைபுரிகின்றன. உடலின் தடுப்பாற்றலை மீறி இவை பெருகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படும்.

விந்தணு இதற்கு எளிதில் இலக்காகிறது. அதன் சவ்வில் நிறைந்துள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் விரைவில் சிதைகின்றன. முதிர்ச்சியடையும்போது அது தன் சைட்டோபிளாசத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுவதால், காப்பு நொதிகளும் அதனிடம் குறைவு. இதன் விளைவாக நகரும் திறன் குன்றுகிறது. மரபுப் பொருளான டி.என்.ஏ. இழைகளும் முறிகின்றன. மிகுந்த ஆக்சிஜனில் விந்தணுக்கள் செயலிழப்பதையும், கேட்டலேஸ் நொதி அவற்றைக் காப்பதையும் ஜான் மக்லியாட் 1943-லேயே எடுத்துக்காட்டினார்.

காரணங்கள்

புகைபிடித்தல், மிகையான மது, உடற்பருமன், இனப்பெருக்க உறுப்புகளில் தொற்று, வேரிகோசில் எனப்படும் விதைப்பை நாளப்புடைப்பு ஆகியவை முக்கிய காரணங்கள். விதைப்பை உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருத்தல் வேண்டும். ஆகவே கடும் வெப்பமும் தீங்கானது. ஈயம், சில பூச்சிக்கொல்லிகள் ஆகியவையும் இப்பட்டியலில் சேரும்.

புனேயில் மூளா ஆற்றங்கரையில் உள்ள போபோடியை எடுத்துக்கொள்வோம். அதன் அருகிலுள்ள கட்கியில் 1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இத்தகைய தொழில் வட்டாரங்களில் மருந்தகத்தை நாடும் ஆணிடம், எந்த வேலை, எத்தனை மணி நேரம் உலை வெப்பத்தில் நிற்கிறார், எந்தப் பொருளைக் கையாளுகிறார் என்று கேட்பது விலையுயர்ந்த சோதனைகளுக்கு முந்திய கடமையாகும்.

மாத்திரைகள் பயன் தருமா?

வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம், செலினியம் முதலியன ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க உதவுபவை. சிறிய ஆய்வுகள் சில இவற்றால் நன்மை உண்டென்றன. ஆனால், அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் நடந்து 2020-இல் வெளியான பேராய்வின் முடிவு வேறு. ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் உண்ட ஆண்களின் துணைவியரில் 34 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை உண்டோரின் துணைவியரில் 35 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். டி.என்.ஏ. முறிவோ மாத்திரை உண்டோரிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. தேவைக்கு மேல் தடுப்பான்களை உட்கொள்வதும் சமநிலையைக் குலைக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. நெல்லிக்காய், கொய்யா, கீரை, நிலக்கடலை, எள் ஆகியவை இடம்பெறும் அன்றாட உணவு செலவு குறைந்தது, பாதுகாப்பானது.

செய்ய வேண்டுவன

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிடில் கணவன், மனைவி இருவரும் ஒரே வேளையில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். விந்துப் பரிசோதனை எளியது; வலியற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு, மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்களைக் கீழ் மேற்கோள் அளவாகக் குறிக்கிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், புகையை விட்டவர் பலனைக் காண மூன்று மாதமேனும் பொறுத்திருத்தல் வேண்டும்.

செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை நெறிப்படுத்த 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால், தம்பதியர் அம்மையங்களின் வாயிலை அடையுமுன் ஆற்ற வேண்டிய பணி மிகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆணுக்கும் ஆலோசனை கிடைக்கச் செய்தால், வீண் செலவு குறையும். தான் செய்யாத பிழைக்குப் பழி சுமக்கும் பெண்ணின் துயரும் தீரும்.