மேகத்தில் ஒரு கடைக் கணக்கு

மாணவர்களே, 2023 மார்ச் தொடக்கத்தில் ஜொகூரில் ஏற்பட்ட வெள்ளம் சாஆவையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளம் புகுந்த கடைக்குச் சரக்கை மறுபடி வாங்கலாம். யார் எவ்வளவு பாக்கி என்று எழுதிய கணக்குப் புத்தகம் ஊறிப்போனால்? கணக்கு கணினியில் இருந்தாலும், அந்தக் கணினி கடையில்தானே இருக்கிறது!

மேகக் கணிமை இங்கேதான் உதவுகிறது. பெயரைக் கேட்டு வானத்தைப் பார்க்காதீர்கள். கடைக்காரர் கைப்பேசியில் பதியும் கணக்கு, இணையம் வழியாகத் தொலைவிலுள்ள தரவு மையத்துக்குப் போகிறது. இரவு பகலாக ஓடும் கணினிகள் நிறைந்த பெரிய கட்டடம் அது. கணினிகள் சூடாவதால், குளிர்விக்கவே ஏராளமான மின்சாரம் தேவை. பல மையங்களுக்கு நீரும் தேவை. நம் ஜொகூரின் செடெனாக்கிலும் இத்தகைய மையங்கள் உள்ளன. அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் தொடங்கிய மேகச் சேவைக்குத் தனித்தனியான மூன்று மண்டலங்கள் உண்டு. ஒன்று செயலிழந்தாலும் இன்னொன்றில் நகல் இருக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். சிறு கடைக்காரர் இதையெல்லாம் சொந்தமாக வாங்க முடியுமா? மாதக் கட்டணம் கட்டி வாடகைக்கு எடுக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. பலர் குழம்புவது இதில்தான். ஒத்திசைக்கும் கோப்பைக் கைப்பேசியில் அழித்தால் மேகத்திலும் அழியும். கூகள் டிரைவ் அதைக் குப்பைத் தொட்டியில் 30 நாள் வைத்திருக்கும், பிறகு கிடைக்காது. ஆகவே தனியாக ஒரு நகல் வேண்டும்.

வெள்ளத்தில் இணையமும் துண்டிக்கப்படலாம். உங்கள் வீட்டில் கடை இருந்தால், இணையத்தை நிறுத்திவிட்டு நேற்றைய கணக்கைத் திறந்து பாருங்கள். திறக்கிறதா?