தொக்கமும் இல்லை, துரும்பும் இல்லை

"பையனுக்குத் தொக்கம் விழுந்திருச்சுங்க. எடுத்துட்டோம், ஆனாலும் கக்குறான்." புதுச்சேரியில் தட்டாஞ்சாவடிப் பக்கம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மாதக் குழந்தை பால் குடித்ததும் பீய்ச்சி வாந்தியெடுத்தால், வயிற்றில் ஏதோ சிக்கியிருப்பதாகப் பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். தொக்கம் எடுப்பவர் ஊதி, உறிஞ்சி, சோற்றுப் பருக்கையோ முடியோ துப்பிக் காட்டுகிறார். தாய்ப்பால் தவிர எதுவும் குடிக்காத பிள்ளையின் வயிற்றுக்குள் சோறு எப்படிப் போனது? அங்கே நிற்கும் பத்துப் பேரில் ஒருவராவது கேட்க வேண்டாமா?

அடைப்பு உண்மைதான். ஆனால் அடைத்திருப்பது எந்தப் பொருளும் அல்ல. இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் பால் இறங்கும் வாசலைச் சுற்றியுள்ள தசை, பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தடிக்கத் தொடங்கி வழியை இறுக்கிவிடுகிறது. பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்கிறோம். டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1888இலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். தசை ஏன் தடிக்கிறது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு வருகிறது. தலைச்சன் பிள்ளைகளுக்குக் கூடுதல். பிறந்த முதல் இரண்டு வாரத்தில் எரித்ரோமைசின் கொடுத்தாலும் வாய்ப்பு கூடுகிறது.

வாந்தியில் பால்தான் இருக்கும், பித்தம் இருக்காது. கக்கிய மறுநிமிடமே பசியில் வீறிடும். "பசிக்குதே, அப்புறம் என்ன நோய்?" என்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எடை ஏறாது, சிறுநீர் குறையும். பால் கொடுக்கும்போது வயிற்றில் இடமிருந்து வலமாக அலை ஓடும். மேல்வயிற்றின் வலப்புறம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி மருத்துவரின் விரலுக்குத் தட்டுப்படலாம். ஸ்கேனில் தசையின் தடிப்பு 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரத்தத்தில் குளோரைடும் பொட்டாசியமும் குறைந்திருந்தால் முதலில் சலைன் ஏற்றிச் சரிசெய்ய வேண்டும். அறுவை அதன் பிறகே. ஜெர்மன் மருத்துவர் ராம்ஸ்டெட் 1912இல் சொன்ன முறைதான் இன்றும்: உள்சவ்வைத் தொடாமல் தசையை மட்டும் கீறி விடுவது. பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு நாளில் பால் குடிக்கின்றன. தொக்கத்துக்கு அலைந்த நாட்களில் உடம்பு வற்றிப்போவதுதான் பேராபத்து. பக்கத்திலேயே கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்க, இது என்ன அநியாயம்!

தாய் பலாப்பழம் தின்றதால் இந்த அடைப்பு வருவதில்லை. உரம் விழுந்ததாகப் புடவையில் போட்டு உருட்டினால் தீராது. கிரைப் வாட்டரும் உரை மருந்தும் மூடிய வாசலைத் திறக்காது. வாந்தி பச்சையாக வந்தால் மட்டும் "பித்தம்தானே" என்று உட்காராதீர்கள். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அந்த இரவே கிளம்ப வேண்டும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு இதே வாசல் அடைபட இன்னொரு காரணம் உண்டு, அதை நாமே வீட்டில் வைத்திருக்கிறோம்: தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்த கழிவறை ஆசிட். ஆசிட் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013இல் கட்டுப்பாடு விதித்தது. ஆனாலும் தெருவில் கேனிலிருந்து ஊற்றி வாங்குகிறோம். வாங்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல், அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். புண் ஆறித் தழும்பு சுருங்கும்போதுதான் வாசல் அடைபடும். எனவே தேறிவிட்ட பிள்ளை சில வாரங்கள் கழித்துச் சாப்பிட்டதையெல்லாம் கக்கினாலும் உடனே திரும்ப அழைத்து வாருங்கள்.