பிடியா, பொத்தானா?

சென்னையில் மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூர், பனகல் பார்க் பக்கம் வரும் கான்கிரீட் லாரிகள் வரிசையில் நிற்கும்போதும் இன்ஜினை அணைப்பதில்லை. டிரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமே. சலானைக் காட்ட டிரைவர் இறங்கும் அந்தச் சில நிமிடம், 28 டன் வண்டியைப் பிடித்து வைப்பது பார்க்கிங் பிரேக் ஒன்றுதான்.

அதைப் போடக் கைப்பிடி நல்லதா, மின்னணுப் பொத்தான் நல்லதா?

காரைப் போல மோட்டார்தான் பிரேக்கை இழுக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கனரக லாரியில் இரண்டு வகையிலும் பிடிப்பது சக்கரத்தருகே பிரேக் சேம்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங். காற்று அதை அழுத்தி வைத்திருக்கும்வரை வண்டி ஓடும். காற்றை வெளியேற்றினால் ஸ்பிரிங் விரிந்து பிரேக் பிடிக்கும். கைப்பிடியில் டிரைவரே வால்வைத் திறக்கிறார். பொத்தானில் அந்த வேலையைக் கணினி செய்கிறது. சரிவில் நிறுத்தும் திறனுக்கும் ஒரே அளவுகோல்தான்: ஐ.நா. விதி 13-ன்படி முழுச் சுமையோடு 18 சதவீதச் சரிவில் நிற்க வேண்டும்.

பொத்தானின் பெரிய பலம் மறதிக்கு மாற்று. 2012-இல் வந்த புதிய வால்வோ எஃப்.எச். லாரியில் இன்ஜினை அணைத்தாலே பிரேக் தானாக விழும். ஆனால் மேலே சொன்ன கான்கிரீட் லாரியில் இன்ஜின் அணைவதே இல்லையே! ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கதவைத் திறந்தாலும் பிரேக் விழுமா என்பது. விழாது என்றால், அந்த வண்டிக்கு இந்த வசதியால் பாதிப் பயன்தான். மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நின்று நின்று கிளம்புகிறவர்களுக்கோ, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தானாக விடுபடும் பிரேக் பெரிய நிம்மதி.

கைப்பிடியின் பலம் ரிப்பேரில் தெரியும். 1962-இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் பாடியில் ஏர் பிரேக் பாகங்களைத் தயாரித்த காலத்திலிருந்தே சென்னை மெக்கானிக்குகளுக்கு இந்த வால்வு பழக்கம். ஜி.பி. ரோட்டில் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. பேட்டரி செத்தாலும் பக்கத்து லாரியிலிருந்து காற்றேற்றிப் பிரேக்கை விடுவிக்கலாம். பொத்தான் வண்டிக்குக் காற்றோடு மின்சாரமும் வேண்டும். கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனரும் வேண்டும்.

டிரைவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் நகர வண்டிக்கு, கம்பெனி சர்வீஸ் அருகில் இருந்தால், பொத்தானுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். கல்குவாரி டிப்பருக்கும், நாமக்கல்லிலிருந்து தொலைதூரம் ஓடும் லாரிக்கும் இன்றைக்குக் கைப்பிடியே போதும்.

எதை வாங்கினாலும் ஸ்பிரிங்கைக் கையால் விடுவிக்கும் போல்ட் வண்டியோடு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றிழந்து மாட வீதியில் நின்றுவிட்டால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து அந்த போல்ட்டை முறுக்கிய பிறகுதான் இழுவை வண்டியால் நகர்த்த முடியும். சேம்பரை மட்டும் தெருவில் வைத்துப் பிரிக்கவே கூடாது: உள்ளே அழுந்திக் கிடக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொல்லும்.