எட்டு அட்டை, மூன்று கலைப்பு

ஏழாம் வகுப்பில் எண் அமைப்புகளை நான் ஒரு சீட்டு வித்தையோடு தொடங்குகிறேன். 'வகுப்பறையில் சீட்டுக்கட்டு எதற்கு?' என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி. எனவே பழைய அழைப்பிதழ்களை வெட்டி எண் அட்டைகள் செய்துகொண்டோம்.

வித்தையின் வேர் சூதாட்டத்தில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவலாக ஆடப்பட்டது 'ஃபேரோ' சீட்டாட்டம். கட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கும் கலைப்புக்கு அதன் பெயரே நிலைத்தது. சூதாட்ட மோசடிகளை அம்பலப்படுத்த, ஆங்கிலேய வித்தைக்காரர் ஜான் நெவில் மாஸ்கலின் 1894இல் எழுதிய நூலில் இதை விளக்கினார். நன்றாகக் கலைத்ததுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சீட்டும் போகுமிடம் முன்பே உறுதியானது. மேல் சீட்டு மேலேயே இருக்குமாறு எட்டு முறை கலைத்தால், 52 சீட்டுகளும் பழைய வரிசைக்குத் திரும்பிவிடும்.

செயல்பாடு

1 முதல் 8 வரை எண்ணிட்ட அட்டைகளை வரிசையாக வைக்கவும். கைத்திறன் தேவையில்லை, மேசையில் வைத்தே கோக்கலாம்.

முதல் கலைப்பு: 1, 5, 2, 6, 3, 7, 4, 8
இரண்டாவது: 1, 3, 5, 7, 2, 4, 6, 8
மூன்றாவது: 1, 2, 3, 4, 5, 6, 7, 8

அடுத்து 10 அட்டைகள். ஆறு கலைப்பு தேவைப்பட்டது. "16 என்றால்?" என்றேன். "இன்னும் அதிகம்" என்றது வகுப்பு. நானும் சரிபார்க்காமல் தலையாட்டிவிட்டேன். அதிகம் பேசாத ஒரு மாணவி தரையில் அட்டைகளைப் பரப்பிச் செய்துபார்த்து, "நாலுதான் சார்" என்றாள். நான் சொன்னது தவறு என்று வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் கை உயர்த்தத் தயங்குவதில்லை.

காரணம்

ஓர் அட்டைக்கு மேலுள்ள அட்டைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு கலைப்பிலும் இரட்டிக்கும். 16 அட்டைகளில், 15ஐத் தாண்டினால் 15ஐக் கழிக்க வேண்டும்: 1, 2, 4, 8, மீண்டும் 1. நான்கே படிகள். 10 அட்டைகளில் 9ஐக் கழிக்கிறோம்: 1, 2, 4, 8, 7, 5, மீண்டும் 1. ஆறு படிகள்.

மேல்வகுப்புக்கு

1950களில் பிரிட்டன் வித்தைக்காரர் அலெக்ஸ் எல்ம்ஸ்லி இதில் இரும எண்ணைக் கண்டார். மேல் அட்டையின்மீது 5 அட்டைகள் வர வேண்டுமா? 5இன் இரும வடிவம் 101. 1 என்றால் மேல் அட்டை இரண்டாவதாகுமாறும், 0 என்றால் மேல் பாதியின் முதல் அட்டை முதலிலேயே இருக்குமாறும் கோக்க வேண்டும். அட்டை 0, 1, 2, 5 என நகரும்.

விடையை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஊகிக்க விடுங்கள், ஊகம் பொய்க்கும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.