கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் நலிவு: அங்கத்தினர் அறியவேண்டுவன

கொரோனா நோய்க்கான உலக அவசர நிலை முடிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி அறிவித்தது. எனினும், நோய்க்கு ஆளான அனைவரும் அத்துடன் நலமடைந்து விடவில்லை. தறிக்குழியில் இறங்கி இரண்டு முழம் நெய்வதற்குள் கால் ஓய்ந்து போகிறவரும், வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்குகிறவரும் நம்மிடையே உண்டு. பார்வைக்குத் திடகாத்திரமாயிருப்பதால் இவர்களை அயலாரும், சில வேளை வீட்டாருமே, சோம்பேறிகளென்று பேசிவிடுகின்றனர். அப்பேச்சுக்கு அஞ்சி அவர்கள் மீண்டும் தறியேறிப் படுக்கையில் விழுவதை நாம் காண்கிறோம்.

இந்நலிவுக்கு 'லாங் கோவிட்' என்று பெயர். 2020 மே மாதத்தில் இப்பெயரை வழங்கியவர் எலிசா பெரேகோ என்னும் இத்தாலிய அம்மையார். அவர் வைத்தியரல்லர், நோயுற்ற ஒரு தொல்லியல் ஆராய்ச்சியாளர். நோய் கண்டு மூன்று மாதங்கள் ஆகியும், வேறு காரணம் சொல்ல முடியாத தொல்லைகள் இரண்டு மாதமாவது நீடித்தால் அதுவே இது என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. நோயுற்றோரில் நூற்றுக்கு ஆறு பேருக்கு இது நேர்வதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது, காய்ச்சல் விட்டும் மூட்டுவலி மாதக்கணக்கில் விடாததை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது.

இந்நோயில் முக்கியமாக உணரவேண்டியது ஒன்றுண்டு. உழைப்பின் களைப்பு உடனே தோன்றாமல், ஒன்றிரண்டு நாள் கழித்துப் பெருகி வரலாம். திங்கட்கிழமை முழுதும் பாவு பிணைத்தவர் புதன்கிழமை எழ முடியாமல் கிடப்பார். காற்று மாறியதுதான் காரணமென்று எண்ணிக்கொள்வார். கணக்கிலுள்ள தொகைக்கு மேல் எடுத்தவர் அபராத வட்டி கட்டுவது போன்றதே இது. 'உழைக்க உழைக்க உடம்பு இறுகும்' என்னும் பழைய எண்ணம் இவர்களுக்குப் பொருந்தாது.

ஆகவே ஒரு சிறு நோட்டில் நாள்வழிக் கணக்கு எழுதுக: செய்த வேலை, எத்தனை நாழிகை, மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடல்நிலை எவ்வாறு. இரண்டு வாரத்தில் தம் அளவு எதுவென்று தெரிந்துவிடும். அவ்வளவு வருமுன்னரே வேலையை நிறுத்தி ஓய்வு கொள்ளவேண்டும். களை வெட்டும் நாளில் தண்ணீர் கட்டும் வேலையை வேறொருவரிடம் விடலாம். தார் சுற்றுவதும் உழைப்பே என்பதை மறக்கலாகாது. தறிக்குழியினின்று எழும்போது தலை சுற்றுவோர் மெல்ல எழுக. நீர் நிறைய அருந்துக. உப்பைக் கூட்டுவது டாக்டரைக் கேட்ட பின்னரே. இழை எண்ணுவதில் மறதி நேர்ந்தால் எழுதி வைத்து எண்ணுக. முகர்வு இழந்தோர் எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, நீலகிரித் தைலம் ஆகியவற்றை நாள்தோறும் காலையும் மாலையும் சில மாதங்கள் முகர்ந்து பழகுவது நன்று. சமையல் வாயுக் கசிவும் பூச்சி மருந்தின் நெடியும் இவர்களுக்குத் தெரியாவாதலால் வீட்டார் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இதனை உறுதிப்படுத்த ஒரே ஒரு பரிசோதனையோ, தீர்க்க ஒரே ஒரு மருந்தோ இன்னும் இல்லை. உடனே குணமாக்குவதாகச் சொல்லி விற்கும் லேகியத்துக்குக் கடன் வாங்காதீர்கள். எல்லாச் சோர்வும் கொரோனாவினாலானதன்று. காசம், நீரிழிவு, இரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுக. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் செல்க. அங்கிருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப் பெறலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி இயன்முறைச் சிகிச்சை வீட்டிலேயே கிடைக்கும். மனம் சோர்ந்தோர் 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். நெஞ்சுவலி, மயக்கம், சும்மாயிருக்கும்போதே மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கு 108-ஐ அழைக்கத் தாமதிக்கலாகாது.

இனி, சங்கம் செய்யக்கூடியது. குளத்தூர் வட்டார அங்கத்தினர் பலரும் தவணை தவறிய பின்னரே நோயைச் சொல்லுகின்றனர். அது வெட்கத்தினால் நேர்வது. தவணை நாளுக்கு முன்பே டாக்டர் சீட்டுடன் விண்ணப்பம் கொடுத்தால், நிர்வாகக் குழு அதனை ஆராய்வதற்கு வழியுண்டு. பாவு வழங்கும்போது நலிந்தவருக்குக் குறுகிய பாவு கொடுத்து, முடிக்கும் நாளைத் தள்ளி வைக்கலாம். விண்ணப்பத்தில் நோய் கண்ட தேதியையும், இப்போது ஒரு நாளில் நெய்யக்கூடிய அளவையும் குறிப்பிடுக. மேலே சொன்ன நோட்டையும் உடன் காட்டுக.